ஆகாயத்தில் நெரிசல்

என் தமக்கை டில்லியில் இருக்கிறாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் நாளொன்றுக்குப் பேசுவது நாலைந்து வாக்கியங்களே. அவற்றையும் இரவு எட்டு மணிக்குக் கைப்பேசித் திரையில் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். சென்ற மாதம் முழுவதும் அந்த நாலு வாக்கியங்களும் துண்டு துண்டாகவே வந்து சேர்ந்தன. "தம்பி, நீ..." என்று ஆரம்பிப்பாள், மேலே கேட்காது. மறுபடி சொல்லச் சொன்னால் அவளுக்குக் களைப்பு. கேட்டதுபோல் தலையாட்டினால் எனக்கு மனச்சாட்சி உறுத்தல்.

கம்பெனிக்காரர்களை வைதேன். பிறகு, கடையில் இருப்பதிலேயே பலமான வை-ஃபை பெட்டியாகப் பார்த்து வாங்கி வைத்தேன். ஒரு பயனும் இல்லை. எதிர் வீட்டு அம்மாள் தங்கள் வீட்டிலும் தகராறு என்று சொல்லத் தொடங்கியதுதான் மிச்சம்!

மாடி வீட்டுப் பையன் இந்தச் சாஸ்திரம் படிப்பவன். வந்து பார்த்துச் சிரித்தான். "மாமா, நம் கட்டடத்துப் பெட்டிகள் பதினாலும் ஆறாம் சானலிலேயே உட்கார்ந்திருக்கின்றன" என்றான்.

ஒரே அலைவரிசையில் இருவர் ஏககாலத்தில் பேசினால் இரண்டு பேச்சும் மோதிப் பாழாகும். 1971-ல் ஹவாய்ச் சர்வகலாசாலையில் நார்மன் ஆப்ராம்ஸன் குழுவினர் தீவுகளை வானொலியால் இணைத்து 'அலோஹா' வலையை அமைத்தபோதே இந்தச் சங்கடம் இருந்தது. அதில் எவரும் நினைத்தபோது பேசலாம். பதில் வராவிட்டால் குருட்டாம்போக்கில் சிறிது பொறுத்து மறுபடி பேச வேண்டும். கணக்குப் பார்த்தால், அலைவரிசையில் 100-க்குச் சுமார் 18 பங்குக்கு மேல் பயன்படாது. பந்தியில் எல்லோரும் ஒரே குரலில் சாம்பார் கேட்கும் கதைதான்.

வை-ஃபை பெட்டி சற்று மரியாதை தெரிந்தது. முதலில் காது கொடுத்துக் கேட்கும். சந்தடி ஓய்ந்த பின்பும் சிறிது காத்திருந்தே பேசும். ஆனால் பதினாலு பேர் காத்திருந்தால் நம் முறை எப்போது வருவது? என்னுடைய பலமான பெட்டி செய்த உபகாரம், தூரத்து வீடுகளையும் காக்க வைத்ததுதான். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பு! அதுவும் ஏறக்குறைய அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைவது. யார் பேச்சையும் அது கேட்பதில்லை. என் மனைவி பால் காய்ச்சுவதோ சரியாக எட்டு மணிக்கு.

1, 6, 11 ஆகிய மூன்று சானல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லையாம். பையன் வீடு வீடாகப் போய், மாடிக்கு ஒன்றாக அவற்றைப் பங்கிட்டான். என் பெட்டியின் பலத்தையும் குறைத்தான். பால் ஏழரைக்கு மாறிற்று.

நேற்று அக்காவின் வாக்கியம் முழுதாக வந்தது.

"தம்பி, நீ வேளைக்கு மருந்து சாப்பிடுகிறாயா?"

ஒரு மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதுதானாம்.