முட்டிவலி அம்மாவும் மெரினா கலங்கரை விளக்கமும்!

"நீங்க போயிட்டு வாங்க தாயி. நான் இங்கன இருந்து செருப்பைப் பாத்துக்கிறேன்."

ஏழெட்டு வருஷமாக எந்த ஊருக்குப் போனாலும் அம்மா சொல்வது இதுதான். வயது 71. இரண்டு முட்டியிலும் தேய்மானம். சமதளத்தில் கைத்தடியோடு மெதுவாக நடந்துவிடுவார், படியைக் கண்டால்தான் பயம்.

ஒரு காலத்தில் எங்கள் வீட்டிலேயே அவர்தான் மலை ஏறுவதில் முதல் ஆள். எங்களுக்கு ராஜபாளையம். புரட்டாசி சனிக்கிழமை வந்தால் விடியும் முன்பே பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போய்விடுவார். தென் திருப்பதி என்பார்களே, அந்த மலைதான். பெருமாளைச் சேவித்துவிட்டு, மேலே நின்று கண்மாயையும் தென்னந்தோப்பையும் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. நம் ஊர்க்காரர்களுக்கு மலைக்கோயில்கள்தானே காலம்காலமாக ஊரைப் பார்க்கும் மாடம்!

முட்டி போனதும் அதெல்லாம் நின்றுபோனது. ஒருமுறை மலை ஊர் ஒன்றில் காட்சி கோபுரம் பார்க்கப் போனோம். லிஃப்ட் கிடையாது. நாங்கள் மேலே போட்டோ எடுத்துவிட்டு இறங்கி வரும்வரை, அம்மா கல் பெஞ்சில் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தார். "என்ன தெரிஞ்சுது?" என்று பேரனிடம் அவர் ஆசையாகக் கேட்டபோது எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. முட்டி தேய்ந்தால் ஆசையுமா தேய்ந்துவிடும்?

கோபுரத்தைவிடச் சின்னதா?

சென்னையில் இருக்கும் தம்பிதான் யோசனை சொன்னான். "மெரினா கலங்கரை விளக்கத்துல லிஃப்ட் இருக்குக்கா. அம்மாவைக் கூட்டிட்டு வா."

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். முதலில் அவன் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி, மேலே இறங்கிய பிறகு எத்தனை படி, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, நடுவில் உட்கார இடம் உண்டா என்று எல்லாவற்றையும் பார்த்து வந்து சொன்னான். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா? ஏறிருவேன்."

பொதிகை எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் ஜன்னல் வழியே கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தமிழக அரசின் முத்திரையில் இருக்கும் கோபுரம். 11 நிலை, 192 அடி. "நாம ஏறப்போற விளக்கு இதைவிட உசரமா?" என்றார். "இல்லைம்மா, 150 அடிதான்" என்றேன். "அப்ப சின்னதுதான்!" பாதி பயம் அங்கேயே போய்விட்டது.

நாலாவது விளக்கு

சென்னைக்கு இது நான்காவது கலங்கரை விளக்கம். 1796-ல் முதல் விளக்கு எரிந்தது கோட்டைக்குள், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில். 1844-ல் இரண்டாவது, தனிக் கல்தூணாக எழுந்தது. அந்தத் தூணை இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் பார்க்கலாம். 1894-ல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்துக்கே விளக்கு இடம் மாறியது. சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட இன்றைய முக்கோணக் கோபுரம் 1977-லிருந்து வேலை செய்கிறது. பாதுகாப்புக் காரணங்களால் பல வருஷம் பொதுமக்களை மேலே விடவில்லை. 2013 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். பார்வையாளர் மாடம் இருப்பது ஒன்பதாவது தளத்தில்.

லிஃப்ட் கதவு திறந்ததும் கடல்காற்று முகத்தில் அறைந்தது. அம்மா ஒரு கையில் தடியும் மறுகையில் என் தோளுமாக, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தார். கடலைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

மணலில் கிடந்த படகுகளைக் காட்டி, "தீப்பெட்டியைக் கொட்டுன மாதிரி இருக்கு" என்றார். தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம். வடக்கே நீளமாகப் போகும் காமராஜர் சாலை. மேற்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் மொட்டை மாடிகள். அங்கேயே கொஞ்ச நேரம் தேடிவிட்டுக் கேட்டார், "ஒரு மலையைக்கூடக் காணோமே! இந்த ஊர்க்காரங்க எப்படி இருக்காங்க?"

தினமும் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துக் கண் விழிப்பவரின் கவலை அது! தம்பி சிரித்துக்கொண்டே, "நீயும் வந்துட்டியேம்மா" என்றான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். காற்றில் மணல் விழுந்துவிட்டதாம்.

மறுநாள் சாயங்காலம், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-ல் போட்ட மரப்பாதைக்குப் போனோம். 263 மீட்டர் நீளம். மணலில் கால் புதையாமல் அலைக்குப் பக்கம் வரை போகலாம். திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள். எங்களுக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், பின்னால் தள்ளுவண்டியில் ஒரு குழந்தை, நடுவில் கைத்தடியோடு அம்மா. ஒரே பாதை மூன்று பேருக்கும் உதவியது.

கிளம்பும் முன் கேளுங்கள்

* "லிஃப்ட் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இன்றைக்கு ஓடுகிறதா, எந்தத் தளம் வரை போகும் என்றும் கேளுங்கள். பாரிஸ் ஈஃபிள் கோபுரத்தில்கூட சக்கர நாற்காலியில் வருபவர்கள் இரண்டாம் தளம் வரைதான் போகலாம். உச்சிக்கு அனுமதி இல்லை.

* லிஃப்டுக்கு முன்னும் பின்னும் உள்ள படிகளை எண்ணச் சொல்லுங்கள்.

* சாய்தளம் இருந்தால் எவ்வளவு சரிவு என்று விசாரியுங்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கிவிடும்.

* உட்கார இடம், கழிப்பறை, ஆட்டோ நிற்கும் தூரம், திறக்கும் நேரம், விடுமுறை நாள் எல்லாவற்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

* இல்லாத வசதியைக் கேட்கத் தயங்க வேண்டாம். பொதுக் கட்டடங்களில் எல்லோரும் சிரமமின்றிப் போய்வர வழி செய்ய வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது.

ஊர் திரும்பிய பிறகு அம்மா தெரு முழுக்கக் கடல் கதை சொல்லிவிட்டார். போன வாரம் போனில் கேட்டார்: "சோளிங்கர்ல 1,305 படி இருக்காமே. 2024-லயே ரோப் கார் விட்டுட்டாங்களாம். தம்பியைப் போய்ப் பாத்துட்டு வரச் சொல்லு தாயி."

இந்த முறை செருப்புக்கு யாரைக் காவல் வைப்பது என்று நாங்கள்தான் யோசித்துக்கொண்டிருக்கிறோம்!