மண்ணெண்ணெயும் தோணிக்காரன் பங்கும்

கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காட்டுக் கரைகளில் சுபஹுத் தொழுகைக்கு முன்னரே தோணி தள்ளுவோர்க்கு ஆட்சிமாற்றம் என்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய் விலையாகவே வந்து சேர்கின்றது. தோணியிற் பூட்டிய எஞ்சினுக்கு அதுவே உணவு.

2012 பெப்ரவரியில் மகிந்த ராஜபக்ச அரசு லீற்றருக்கு 71 ரூபாவை 106 ஆக்கிற்று. சிலாபத்தில் எதிர்த்தெழுந்த மீனவர்மீது துப்பாக்கி பேசிற்று. ஓர் உயிர் மாய்ந்தது. 2015 ஜனவரியில் நல்லாட்சியினர் 81ஐ 65 ஆக்கினர். அவர்களே 2018 மே மாதத்தில் 44ஐ 101 ஆக்கி, மீனவர் கிளர்ந்தபின் ஜூனில் 70க்கு இறங்கினர். விலைச் சூத்திரம் பற்றிப் பேசப்பட்ட காலம் அது. தொல்காப்பியச் சூத்திரங்களைக் கற்ற நமக்கு, ஒரே மாதத்தில் 31 ரூபா சுருங்கும் இச்சூத்திரம் புதிதாகவே தோன்றிற்று!

2022இன் கதை வேறு. விலைப்பலகையில் 87 ரூபா நின்றது. பீப்பாயில் எண்ணெய் இல்லை. ஓகஸ்டில் ஓரிரவில் அது 340 ஆயிற்று. மலிவான மண்ணெண்ணெய் டீசலிற் கலக்கப்படுகின்றது என்ற காரணம் முன்வைக்கப்பட்டது. கலப்படம் செய்தவன் வேறு, தண்டம் கட்டியவன் வேறு.

ஈண்டுக் கணக்கைச் சற்று நின்று நோக்க வேண்டும். மீன் விற்ற பணத்தில் முதலிற் கழிவது எண்ணெய்ச் செலவே. எஞ்சியதே தோணி உடையவனுக்கும் தொழிலாளருக்கும் பங்காகும். ஆகவே கொழும்பில் ஏறும் ரூபா, கூலியென்ற பெயரே இல்லாத உழைப்பாளியின் பங்கையும் அரித்துவிடுகின்றது. மீன் விலையை அவன் ஏற்றிக்கொள்ளலாமே எனின், அதனைக் கூறுபவன் கரையில் நிற்கும் வியாபாரி. பிடித்த மீன் காத்திருக்குமா?

இந்நாடு ஒருகாலத்தில் வேறு வழியிற் சென்றதுண்டு. 1961இல் சிறிமாவோ அரசு பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவிற்று. மறுவருடம் ஷெல், கல்டெக்ஸ் முதலிய அந்நியக் கம்பனிகளின் சொத்துகளிற் கைவைத்தது. 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்திற்று. ஆயினும் அரசு பின்வாங்கவில்லை. 1965இல் வந்த டட்லி அரசு நட்டஈட்டுக்கு இணங்கியது. பின்னர் 2003இல் இந்தியக் கம்பனியும், 2023இல் சீனத்துச் சினோபெக்கும் சில்லறை விற்பனையில் நுழைந்தன.

2024 செப்டெம்பரில் அனுர குமார திசாநாயக்க பதவியேற்ற சில நாட்களில் பெற்றோல் 332இலிருந்து 311க்கு இறங்கியது. மகிழ்ந்தோம். எனினும் விலை முழுச்செலவையும் ஈடுசெய்ய வேண்டும் என்னும் நிபந்தனை, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் முந்தைய அரசு செய்த ஏற்பாட்டிலிருந்து வந்தது; புதிய அரசும் அவ்வேற்பாட்டைத் தொடர்ந்தது. அச்செலவுக் கணக்கில் தோணியில் வலை இழுப்பவனின் பங்குக்கு ஒரு வரியும் இல்லை.