ஆர்லாண்டோவில் பிற்பகல் மழை

ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த நாளில் ஆர்லாண்டோவின் வானிலையைப் போனில் பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். கறுத்த மேகம், அதன் கீழே மின்னல் கீற்று, பக்கத்தில் 60% அல்லது 70%. பத்து நாளுக்கும் அதே மேகம் வரிசையாக நிற்கும். டிஸ்னி வேர்ல்டுக்கு டிக்கெட் எடுத்து, ஹோட்டலுக்குப் பணம் கட்டி, ஊரிலிருந்து தாத்தா பாட்டியையும் வரவழைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த வரிசையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை அந்த மாதங்களில்தான். நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெற்றோரை அழைத்துக்கொண்டு ஃபுளோரிடா கிளம்புவதும் அப்போதுதான். டிக்கெட் பணம் திரும்பி வராது. விலை வித்தியாசத்தைக் கட்டித் தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஜூலைக்குள் எந்தத் தேதிக்கு மாற்றினாலும் அங்கேயும் அதே மேகம் நிற்கும்.

அந்தப் படம் பொய் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறது. தீம் பார்க் போகிறவருக்குத் தெரிய வேண்டியது அந்த இரண்டும்தான்.

முதலில் அந்த 60%. அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் கணக்குப்படி, முன்னறிவிப்புக்குரிய பகுதியில் எந்தவொரு குறிப்பிட்ட இடத்திலும், குறித்த நேரத்துக்குள், குறைந்தது 0.01 அங்குல மழை பெய்ய எவ்வளவு வாய்ப்பு என்பதே அந்த எண். 0.01 அங்குலம் என்றால் கால் மில்லிமீட்டர். சிமெண்ட் தரை நனையும், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் பெய்யும் என்பதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பே கிடையாது. ஆனால் படிப்பவர்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. உளவியலாளர் கெர்ட் கிகெரென்ட்ஸரும் அவருடைய குழுவினரும் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலன், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் மக்களிடம் இதைக் கேட்டு 2005இல் முடிவை வெளியிட்டார்கள். நாளை மழைக்கு 30% வாய்ப்பு என்றால் என்ன அர்த்தம் என்பது கேள்வி. நியூயார்க்கில் மட்டுமே பாதிக்கு மேற்பட்டோர் சரியாகச் சொன்னார்கள். மற்ற ஊர்களில் ‘நாளில் 30% நேரம் பெய்யும்’ என்று புரிந்துகொண்டவர்களே அதிகம்.

நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டும் நவம்பர் மழையில் வளர்ந்தவர்கள் நாம். பத்து நாளும் மழை என்று பார்த்ததும் மனம் நேராக அந்த அடைமழைக்குத்தான் போகும். பள்ளிக்கு விடுமுறை, தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள்ளேயே அடைபட்ட நாட்கள். ஃபுளோரிடாவின் கோடை மழை வேறு ரகம்.

ஃபுளோரிடா இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த ஒடுக்கமான நிலம். கிழக்கே அட்லாண்டிக், மேற்கே மெக்சிகோ வளைகுடா. காலை வெயிலில் தரை சீக்கிரம் சூடேறும். கடல் அவ்வளவு சூடாகாது. தரைமேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்ப இரண்டு கரையிலிருந்தும் கடல்காற்று உள்ளே புகும். சென்னையில் கோடைப் பிற்பகலில் வந்து உயிர் கொடுக்கும் காற்றும் இதே வகைதான். சென்னைக்கு ஒரு பக்கம்தான் கடல். ஃபுளோரிடாவிலோ இரண்டு பக்கத்துக் காற்றும் உள்நாட்டில் எதிரெதிரே வந்து சந்திக்கின்றன. சந்தித்த இடத்தில் ஈரக்காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. நண்பகலில் பஞ்சுப்பொதியாக இருந்த மேகம் மூன்று மணிக்குள் இடிமேகமாக ஓங்கி நிற்கும். 1963இல் வால்ட் டிஸ்னி விமானத்திலிருந்து பார்த்துத் தேர்ந்த சதுப்பு நிலம், இந்தச் சந்திப்பு அடிக்கடி நிகழும் மத்திய ஃபுளோரிடாவில்தான் இருக்கிறது.

இடிமழையின் ஆயுள் எவ்வளவு என்று உலகம் கற்றுக்கொண்டதே இந்த ஆர்லாண்டோ பக்கத்தில்தான் என்பது பயணக் கையேடுகளில் வராத செய்தி. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, இடிமேகத்துக்குள் விமானங்கள் சிக்குவதற்கு விடை தேடி அமெரிக்க அரசு ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. 1946 கோடையில் ஆர்லாண்டோ அருகிலும், மறு ஆண்டு ஒஹாயோவிலும் அது நடந்தது. தலைமை தாங்கியவர் ஹோரஸ் பையர்ஸ். உடன் நின்றவர் ராஸ்கோ பிரஹாம். போரில் பயன்பட்ட பி-61 பிளாக் விடோ விமானங்கள் 5,000 அடி முதல் 25,000 அடி வரை வெவ்வேறு உயரங்களில் ஒரே நேரத்தில் இடிமேகத்துக்குள் புகுந்து வெளியே வந்தன. எல்லோரும் விலகிப் பறக்கும் மேகத்துக்குள் வேண்டுமென்றே விமானத்தைச் செலுத்திய அந்த விமானிகளின் துணிச்சலை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. அவர்கள் கொண்டுவந்த அளவீடுகளிலிருந்துதான் இடிமேகத்தின் மூன்று பருவங்கள் தெளிவாகின. காற்று மேலே எழும்பி மேகம் வளரும் பருவம், மழையும் இடியும் உச்சத்தில் இருக்கும் பருவம், ஓயும் பருவம். மழையோடு சேர்ந்து கீழே இறங்கும் குளிர்ந்த காற்று, மேகத்துக்குத் தீனியாக மேலே எழும் சூடான காற்றின் வழியை அடைத்துவிடுகிறது. தான் பெய்த மழையாலேயே அந்த மேகம் மடிகிறது. பிறந்ததிலிருந்து ஓய்வது வரை ஒரு மேகத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

ஒன்று மடியும்போது அதன் குளிர்காற்று பக்கத்தில் இன்னொன்றைக் கிளப்பிவிடுவதும் உண்டு. அப்போது மழை இரண்டு மணி நேரம்வரை இழுக்கும். சில நாள் சாயங்காலமும் தொடரும். ஆனால் பெரும்பாலான கோடை நாட்களில் காலை ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். மாலை ஆறு மணிக்குத் தரை காய்ந்திருக்கும். போனில் பார்த்த கறுத்த மேகம் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்துபோகிற ஒன்று.

ஆகவே பத்து நாள் முன்னறிவிப்பைத் தினமும் காலையும் மாலையும் திறந்து பார்ப்பதால் பயனில்லை. ஐந்து நாள் முன்னறிவிப்பு ஏறக்குறைய 90% சரியாக இருக்கும், ஏழு நாளுக்கு 80%, பத்து நாளோ அதற்கு மேலோ போனால் பாதிதான் தேறும் என்று அமெரிக்கக் கடல்–வளிமண்டல நிர்வாகமே மாணவர்களுக்கான தன் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய நாள் மணிவாரி முன்னறிவிப்பையும், போன பிறகு ரேடார் படத்தையும் பார்த்தால் போதும்.

பிற்பகல் மழையின் அந்த ஒரு மணி நேரத்துக்கு இடம் விட்டுத்தான் அன்றைய நாளை வகுக்க வேண்டும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே போகலாம். டிஸ்னி வேர்ல்டின் பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டத்தில் ஜங்கிள் க்ரூஸ் படகு, டம்போ, செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயின் எல்லாம் திறந்தவெளி. இடி கேட்டால் நின்றுவிடும். அவற்றைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஹாண்டட் மேன்ஷன், பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு போன்றவை கூரைக்குள் ஓடுபவை. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவாக்கப்பட்ட கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ், வெயிலிலும் மழையிலும் களைத்த தாத்தாவை உட்காரவைக்க ஏற்ற இடம். எப்காட்டில் பெரிய அரங்குகள் பல இருப்பதால் மழைநாளை அங்கே ஓட்டுவது சுலபம். அனிமல் கிங்டம் பெரும்பாலும் திறந்தவெளி. மேகம் சீக்கிரமே திரளும் நாளில் அதைத் தவிர்க்கலாம். சிறு குழந்தை உள்ளவர்கள் இரண்டு மணிக்கே அறைக்குத் திரும்பி, மழையைத் தூங்கிக் கழித்துவிட்டு, மாலையில் மறுபடி வருவது எல்லாவற்றையும்விட நல்ல வழி.

நனைவதைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குக் குடும்பங்கள் மின்னலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அமெரிக்காவில் மின்னலுக்கு அதிகம் பேரைப் பலிகொடுத்த மாநிலம் ஃபுளோரிடா. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 மைல் தள்ளிக்கூட மின்னல் இறங்கும். இடி காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள். கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வரவேண்டும். மரத்தடியும், நாலு தூணில் நிற்கும் பந்தலும் கட்டடம் ஆகாது. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று வாசலை நெருங்கும் நேரத்தில் ஊழியர் வந்து ரைடை நிறுத்திவிட்டதாகச் சொன்னால் கோபம் வருவது இயல்புதான். அங்கே நின்று அவரோடு சண்டை பிடிப்பவர்களும் உண்டு. மேலே துளி மழை இல்லையே என்பார்கள். அந்த ஊழியர் நம் குழந்தையின் உயிரைக் காக்கிறார். அவரோடு வாதாடக் கூடாது. அந்த ரைடுக்கு முன்கூட்டியே நேரச் சீட்டு வாங்கியிருந்தால் அது வீணாகாது, பிறகு பயன்படுத்தும்படி மாற்றித் தருவார்கள். 2019இல் தொடங்கிய ஸ்கைலைனர் கேபிள் வண்டியும் மின்னலுக்கு நிற்கும். அதை நம்பி ஹோட்டல் எடுத்தவர்கள் பஸ் எங்கே வரும் என்றும் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும் என்பதில் குடை முதலில் நீங்கும். நெரிசலில் குடைக்கம்பி மற்றவர் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண்ணுக்கு நேராக இருக்கும். தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் பான்சோவே நல்லது. உள்ளே விற்கும் விலைக்கு வெளியே ஊரில் நாலைந்து வாங்கிவிடலாம். பான்சோ போட்டாலும் கால் நனையும். நனைந்த பருத்திச் சாக்ஸோடு இன்னும் ஐந்து மணி நேரம் நடந்தால் குதிகாலில் கொப்புளம் வரும். மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி கட்டாயம். நனைந்த சட்டையோடு ஏசி அரங்குக்குள் நுழைந்ததும் ஜூலை மாதத்திலும் குழந்தை வெடவெடவென்று நடுங்கும். அதற்காக ஒரு சின்னத் துண்டும் உலர்ந்த டி-ஷர்ட்டும் ஜிப் பையில் இருக்கட்டும். பாட்டி புடவையில் வந்தால் கொசுவம் நனைந்து காலைச் சுற்றும், பின்பட்டை இல்லாத செருப்பு ஈரத்தரையில் வழுக்கும். அன்றைக்கு ஒரு நாள் சுடிதாரும் ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவும் போட்டுக்கொள்ளச் சொல்லி முன்கூட்டியே பேசிவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. ரைடு வாசலில் விட்டுப்போகும் ஸ்ட்ரோலர், திரும்பி வரும்போது குளமாகியிருக்கும். பெரிய குப்பைப் பை ஒன்றை மேலே கவிழ்த்து, துணி கிளிப் நாலு மாட்டிவிட்டால் இருக்கை நனையாது.

பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் குழந்தைகள் வானத்தை எடைபோடுகிறார்கள். ஒரு வாரமாக வீட்டில் ‘மழை கெடுத்துடும்போல’ என்ற பேச்சையே கேட்ட பிள்ளை, முதல் தூறலில் அழத் தொடங்கும். மூன்று மணிக்கு மழை வரும், அப்போது பேய் பங்களாவுக்குள் போகலாம் என்று சொல்லி அழைத்து வந்த பிள்ளையோ மழை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே நடக்கும். மேஜிக் கிங்டத்தில் மழையால் பெரிய ஊர்வலம் நின்றுபோகும் நாட்களில் ரெய்னி டே கேவல்கேட் என்ற சிறு ஊர்வலம் வருவதுண்டு. கொட்டும் மழையைப் பார்த்துப் பல குடும்பங்கள் வாசலை நோக்கி நடையைக் கட்டிவிடுவதால், அதற்குப் பிறகு வரிசைகளும் குறையும். இவ்வளவு மழைக்கும் பார்க்கில் நீர் தேங்காததற்குக் காரணம் உண்டு. வால்ட் டிஸ்னி தேர்ந்த அந்தச் சதுப்பில் 1960களின் கடைசியில் மைல் கணக்கில் கால்வாய் வெட்டினார்கள். அவற்றின் மதகுகள் மின்சாரமோ ஆளோ இல்லாமல், நீர்மட்டம் ஏறினால் தாமாகத் திறந்து, இறங்கினால் மூடிக்கொள்பவை.

இவ்வளவும் கோடை இடிமழைக்குத்தான். டிசம்பர், ஜனவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று முனை இறங்கும்போது 80% என்று காட்டினால், அரை நாளாவது மேகமும் தூறலும் குளிருமாகப் போகலாம். அன்று ஸ்வெட்டர் வேண்டும். சூறாவளி வேறு கதை. ஃப்ளாய்ட் (1999), இர்மா (2017), இயன் (2022), மில்டன் (2024) ஆகிய புயல்களின்போது டிஸ்னி வேர்ல்டே பூட்டிக்கொண்டது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் போகிறவர்கள் மியாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையத்தின் அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்ட எச்சரிக்கை வந்தால் டிஸ்னியே அபராதமின்றித் தேதி மாற்றித் தரும் ஏற்பாடு வைத்திருக்கிறது. அப்போது தயங்காமல் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் சரி.

மழையை முன்கூட்டியே கணக்கில் வைத்துக் கட்டிய பார்க்கும் உண்டு. 1983 ஏப்ரல் 15 அன்று டோக்கியோ டிஸ்னிலாண்ட் திறந்தபோது அங்கே மழை. நுழைவாயிலை அடுத்த வேர்ல்டு பஜார் கடைத்தெரு முழுவதற்கும், ஜப்பானின் மழையை நினைத்து முதலிலேயே கண்ணாடிக் கூரை போட்டிருந்ததால் விழா அதன் கீழே நடந்தது. இரவில் அங்கே நடக்கும் மின்விளக்கு ஊர்வலம் மழையால் ரத்தானால், நைட்ஃபால் க்ளோ என்ற சின்ன ஊர்வலம் ஒளிரும் வண்டிகளோடு வரும். மழை இரவுகளில் மட்டுமே வருவதால், அதைப் பார்க்கவென்றே கோட்டு மாட்டிக்கொண்டு வழியோரம் இடம்பிடித்து நிற்கும் ரசிகர்கள் டோக்கியோவில் இருக்கிறார்கள்.