துள்ளும் விதையும் பட்டாசுக்காயும்

அண்ணன் மகளுக்கு மெக்சிகோவின் துள்ளும் விதை வீடியோ காட்டினேன். "சித்தப்பா, உள்ள பேட்டரியா?"

இல்லடா கண்ணு, அந்துப்பூச்சியோட புழு. விதைக்குள்ள இருக்கிறதைத் தின்னுட்டு அங்கேயே குடியிருக்கும். வெயில் சுட்டா உடம்பைச் சுண்டி உதைக்கும். விதை நகரும், நிழல் தேடி.

நம்மூர்லயும் ஒண்ணு இருக்கே! சின்ன வயசுல பீர்க்கன்கரணையில் காய்ந்த பட்டாசுக்காயை எச்சில் தொட்டு அடுத்தவன் சட்டைக்குள்ள போடுவோம். 'டப்'! இதுல புழு கிடையாது. ஈரம் பட்டதும் ஓடு பிளந்து விதைகளை வீசிடும். இதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான்.

காட்டலாம்னு கிளம்பினா, நாங்க காய் பறிச்ச காலி மனையெல்லாம் இப்போ அபார்ட்மெண்ட். நாலு தெரு சுத்தி, ஒரு காம்பவுண்ட் சுவர் ஓரமா மூணே காய்.

ரெண்டை வெடிச்சோம். மூணாவதைத் தொட்டியில வச்சுட்டா. "மழை வந்து வெடிக்கட்டும் சித்தப்பா."

ஆபீஸ்ல உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துட்டிருக்கேன் :-)