எர்த்

மகன் எலெக்ட்ரிக் கார் வாங்கியபோது சார்ஜர் இலவசம் என்றார்கள். "பதினைந்து ஆம்ப் பிளக் பாயின்ட் ஒன்று போதும் சார்" என்றார் ஷோரூம் பையன். 30 யூனிட் பேட்டரி, காலியிலிருந்து நிரம்பச் சுமார் பத்து மணி நேரம். ராத்திரி போட்டால் காலையில் தயார்.

எலெக்ட்ரீஷியன் வந்து பிளக்கில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் டெஸ்ட் லேம்ப் வைத்தார். எரியவில்லை. "சார், உங்க வீட்டுக்கு எர்த்தே இல்லையே!"

1986இல் கட்டிய வீடு. கொல்லையில் புதைத்த எர்த் பைப் துருப்பிடித்து, கம்பி அறுந்து எத்தனை வருஷமோ! கார் சார்ஜரோ எர்த் இல்லாவிட்டால் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடுமாம்.

புது எர்த் குழி, மீட்டரிலிருந்து தனியாக 6 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., கூலி என்று 19,000 ரூபாய். இலவச சார்ஜருக்கு! இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் பில் எகிறுவது தனிக்கதை.

குழியில் கரியும் உப்பும் கொட்டும்போது என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "கிரைண்டரைத் தொட்டா சுருக்குன்னு இழுக்குதுன்னு எத்தனை வருஷமா சொல்றேன்?"

செருப்புப் போட்டுக்கொண்டு மாவாட்டு என்று சொன்னவன் நான். எலெக்ட்ரீஷியன் குனிந்த தலை நிமிரவில்லை.

வேலை முடிந்த அன்று சாயங்காலம், வெறுங்காலோடு போய் கிரைண்டரை நானே தொட்டுப் பார்த்தேன்.