உருவாரம்

கோடை விடுமுறைக்குக் கோயம்புத்தூர் வந்திருந்த என் மகளின் குழந்தைகள் இருவரும், எதிர்பாராத மழையால் வாசலில் இறங்க வழியின்றி ஜன்னலோரம் முகம் வாடி நின்ற ஒரு பிற்பகலில், கடையில் விற்கும் வர்ணக் களி டப்பாவை வாங்கித் தருவதைக் காட்டிலும் அடுக்களையிலேயே அதை உண்டாக்கிக் காட்டுவது உத்தமம் என்று எனக்குத் தோன்றிற்று.

இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் பொடியுப்பு, இரண்டு சிறுகரண்டி தேங்காயெண்ணெய், முக்கால் டம்ளர் வெதுவெதுப்பான நீர், சாமான்கள் இவ்வளவே. அளந்து போடும் அதிகாரம் மூத்தவளுக்கும் பிசையும் அதிகாரம் இளையவனுக்கும் வாய்த்தன. அரிசி மாவு இதற்கு உதவாது; பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் விண்டுபோகும். கொழுக்கட்டைக்குக் கொதிநீரும் மாவிளக்குக்கு வெல்லமும் வேண்டியிருப்பது அதனாலேதான். கோதுமையிலோ, நீர் பட்டுப் பிசையப் பிசைய இழுபட்டு வரும் ஒரு புரதம் உண்டு. மாவைக் கெடாமல் காக்கும் அந்த உப்பே விழுங்கினால் தீங்கு செய்யுமாதலால், பெரியவர் ஒருவர் பக்கத்தை விட்டு நகரலாகாது.

மஞ்சள்பொடி கலந்த உருண்டையில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தூவிப் பிசைந்ததும் அது செம்மை பாய்ந்தது. "ஏனுங்க அப்புச்சி, மஞ்சளுக்குக் கோவம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டான் சிறுவன். எலுமிச்சைச் சாறு விட்டுக் கோபத்தைத் தணித்தோம். அவ்விரு கண்களிலும் அப்பொழுது தோன்றிய ஆச்சரியத்தை எந்த டப்பாவும் விலைக்குத் தராது. டப்பாவில் கிடைப்பது விளையாட்டின் பிற்பாதி மட்டுமே என்பது என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில், சுவர்க் காகிதத்தில் படிந்த கரியைத் துடைப்பதற்கென்று விற்கப்பட்டு வந்த மாவுப் பசையொன்று, ஒரு மழலைப்பள்ளி ஆசிரியையின் யோசனையால் 1956-ஆம் ஆண்டு 'பிளே-டோ' என்னும் விளையாட்டுப் பொருளாக மாறிற்று என்பர். நம் கொங்கு நாட்டிலோ, உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில், தைப் பொங்கலை ஒட்டி நடக்கும் திருவிழாவின்போது, தம் கால்நடைகளின் க்ஷேமத்தை வேண்டிக் குடியானவர்கள் மண்ணாலான ஆடுமாடுகளைக் காணிக்கையாக வைக்கிறார்கள். அவற்றுக்கு உருவாரம் என்று பெயர்.

இளையவன் செய்த பசுவுக்குக் கொம்பு ஒன்று, கால்கள் ஐந்து. திருத்தப்போன மகளின் கையைத் தடுத்தேன். ஐந்தாவது கால் வாலென்று பிறகு தெரிந்தது. சோமவாரப்பட்டியின் கதையைச் சொன்னதும், அந்தப் பசுவைத் தானே அங்கே கொண்டுபோய் வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். உப்பு மாவு பனியில் இளகிவிடும், அதற்குக் களிமண்தான் ஏற்றது என்று சமாதானம் கூறினேன். மார்கழியில் குளத்து வண்டல் எடுத்துவர நாங்கள் மூவரும் போவதாக ஏற்பாடு.