வேண்டுவோரும் வேண்டியவரும்

அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிச் சென்ற பெருஞ்சித்திரனாரின் செய்தி தமிழ் பயின்றோர் அறிந்ததே. நெடுந்தொலைவு கடந்து வந்த புலவரை நேரில் காணாமலேயே, கொண்டு செல்லும்படி பொருளைக் கொடுத்தனுப்பினான் அதியமான். புலவர் ஏற்கவில்லை. தம் தகுதியை அறிந்து தருவதாயின் மிகச் சிறிதே தந்தாலும் மகிழ்வேன் என்றும், முகம் காணாமல் தருவதை வாங்கிக்கொண்டு போவது தமக்கு உடன்பாடன்று என்றும் பாடினார். புறநானூற்றின் 208ஆம் பாடல் அது. வகுப்பறையில் அதனைப் புலவரின் செம்மாப்புக்குச் சான்றாகவே நாங்கள் ஆண்டுதோறும் நடத்தி வருகிறோம். ஆயின் அதனுள் வேறொரு செய்தியும் உண்டு. அதியமான் கருமி அல்லன். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன். அத்தகைய வள்ளல் கொடுத்ததும், காணாமல் கொடுத்த காரணத்தால், கொடையாகாமல் போயிற்று.

பேரிடர் நிவாரணம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எங்களுக்கு இப்பாடலே நினைவுக்கு வருகிறது. நிலநடுக்கமோ புயலோ வெள்ளமோ எரிமலையோ, எது நேரினும் உதவி புறப்படுமுன் அங்குள்ளோர்க்கு என்ன தேவை என்று சென்று கண்டறியும் பணி ஒன்று உண்டு. தேவை மதிப்பீடு என்று அதற்குப் பெயர். படிவம், கட்டம், கூட்டுத்தொகை என்று சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அதன் சாரம் கண்டு கொடுத்தல் என்பதே.

எரிமலை நமக்குப் பெரும்பாலும் உவமையாகவே பழக்கம். இந்தியாவில் உயிர்ப்புள்ள எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஒன்றே. அங்கு மனிதர் வாழ்வதில்லை. எரிமலையின் மடியிலேயே லட்சக்கணக்கானோர் வாழும் ஊர் காங்கோவின் கிழக்கெல்லையிலுள்ள கோமா. நைராகோங்கோ என்னும் எரிமலை அதன் தலைக்கு மேல் நிற்கிறது. 1994இல் ருவாண்டாவிலிருந்து ஓடிவந்த ஏதிலிகள் அவ்வட்டாரத்தில் முகாமிட்டபோது, இறுகிய எரிமலைக் குழம்புப் பாறையில் கழிப்பறைக்குக் குழி தோண்ட இயலவில்லை. புதைகுழியும் தோண்ட இயலவில்லை. காலரா பரவிப் பல்லாயிரவர் மாண்டனர். அந்தக் கொடிய அனுபவத்துக்குப் பின், தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை - செம்பிறை இயக்கமும் கூடி 1997இல் 'ஸ்பியர்' என்னும் பொது அளவுகோல்களை வகுக்கத் தொடங்கின. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், தலைக்கு 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, 2,100 கலோரி உணவு என்பன போன்ற கணக்குகள் அவற்றில் உண்டு. இக்கணக்குகளை நாங்கள் ஒருபோதும் ஏளனம் செய்ய மாட்டோம். ஒவ்வோர் எண்ணின் பின்னும் அந்த எண் இல்லாததால் இறந்தவர்கள் நிற்கிறார்கள்.

எனினும் எண் மட்டும் போதாது என்பதையும் அதே கோமா காட்டியது. 2002 ஜனவரி 17 அன்று நைராகோங்கோ வெடித்து, நெருப்புக் குழம்பு நகரின் நடுவே ஓடி ஏரியில் விழுந்தது. மக்கள் எல்லை கடந்து ருவாண்டாவுக்கு ஓடினர். அங்கே அவர்களுக்கு முகாம் அமைக்க உதவி நிறுவனங்கள் முனைந்தன. ஆனால் பெரும்பாலோர் சில நாள்களிலேயே, குழம்பு முற்றும் ஆறுமுன்பே, ஊர் திரும்பிவிட்டனர். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இது பேதைமையாகத் தோன்றலாம். ஆனால் மிஞ்சிய வீட்டைக் கள்வரிடமிருந்து காக்க வேண்டும், கடையைத் திறக்க வேண்டும், அயல்நாட்டு முகாமில் கைநீட்டி நிற்கக் கூடாது என்பனவும் தேவைகளே அல்லவா? அவற்றை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இருப்பதில்லை.

அயலூர்க் கதை எதற்கு? 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணிகள் குவிந்து கிடந்ததை நம்மில் பலர் கண்டிருப்போம். நாடெங்குமிருந்து அன்போடு வந்தவைதாம் அவை. உழைத்து உடுத்திப் பழகிய மீனவக் குடும்பங்கள் பிறர் உடுத்துக் கழித்ததைத் தொட மறுத்தன. துணிகள் மழையில் நனைந்து மக்கின. படகு இழந்தோருக்குப் படகு கிடைத்தது. ஆனால் அப்படகின் மீனைக் கூடையில் சுமந்து விற்ற பெண்களும் உப்பளத் தொழிலாளரும் கூலி விவசாயிகளும் 'என்ன இழந்தாய்?' என்ற கேள்விக்குக் காட்ட ஒரு பொருளும் இன்றி நின்றார்கள். அவர்கள் இழந்தது நாள்கூலி. அதைப் புகைப்படம் எடுக்க முடியாது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறோம். முகப்பேர் என்னும் பெயர் மகப்பேறு என்பதன் திரிபு என்பர். சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் பிள்ளைவரம் வேண்டி வருவோர் இன்றும் உண்டு. ஆக, வேண்டுதலில் பிறந்த ஊர் என்றே வைத்துக்கொள்ளலாம். 2015 டிசம்பர் 1 தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கமும் அடையாறும் நாடறிந்த பெயர்களாயின. கூவத்தின் கரையிலிருந்த கோல்டன் ஜார்ஜ் நகரையும் நொளம்பூர்த் தாழ்நிலங்களையும் பாடிக்குப்பத்தையும் அவ்வளவாக எவரும் பேசவில்லை. போதாக்குறைக்கு, மாநகராட்சி வகையில் நாங்கள் சென்னை. வருவாய் மாவட்ட வகையில் அன்று திருவள்ளூர். (2018இல்தான் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது.) எந்த அலுவலகத்து வாசலில் நிற்பது என்பதே பலருக்குக் குழப்பம்.

கல்லூரிகள் மூடிக்கிடந்தன. தமிழ்த்துறை ஆசிரியர் சிலரும் மாணவ மாணவியர் பத்துப் பன்னிருவரும் சேர்ந்து தெருத்தெருவாகச் சென்றோம். தொண்டு அமைப்பு ஒன்று படிவம் தந்திருந்தது. பெயர், குடும்பத்தினர் எண்ணிக்கை, தேவை என்று மூன்று கட்டங்கள். அடுக்குமாடிகளில் அக்கேள்விக்கு விடை உடனே கிடைத்தது. பால், தண்ணீர்க் கேன், மெழுகுவர்த்தி என்று வரிசையாகச் சொன்னார்கள். கூவக் கரையில் ஒரு மூதாட்டி, தேவை என்ன என்று கேட்ட மாணவனை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா வேணும்னு கேட்டா இன்னாத்த சொல்றது கண்ணு? ஒண்ணும் வேணாம், போ" என்றார். இடுப்பளவு நீர் வந்து வடிந்த சுவர் அவருக்குப் பின்னால் நின்றது. அடுத்தடுத்த குடிசைகளிலும் ஏறத்தாழ அதே விடை. படிவத்தை நம்பினால், எல்லாம் இழந்தோருக்கு ஒன்றும் வேண்டாம், ஓரளவு இழந்தோருக்கே எல்லாம் வேண்டும் என்றாகும்.

முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு வேறு மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டாள். நேற்றிரவு எங்கே படுத்தீர்கள்? இன்று காலை எங்கே போய்த் தண்ணீர் எடுத்தீர்கள்? கடைசியாக வேலைக்குப் போனது என்று? அதே மூதாட்டி அரைமணி நேரம் பேசினார். பேத்தியோடு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்ததையும், இருட்டில் கழிப்பறைக்குப் போக அஞ்சி மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்ததையும் சொன்னார். அடுத்த வீட்டுப் பெண் தன் மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் கல் வைத்துக் காயப் போட்டிருந்ததைக் காட்டினாள். தூய்மைத் துணியின் தேவை மாணவியர் தனியே சென்று பேசிய பிறகே வெளிப்பட்டது. ஆண்கள் நிரப்பிய தாளொன்றிலும் அது இல்லை. அன்று மாலை எங்கள் பட்டியலில் சோற்றுப் பொட்டலம் கீழே இறங்கிவிட்டது. கைவிளக்கு, பாய், மூடியுள்ள குடம், அணையாடை, சான்றிதழ் நகல் பெற உதவி என்பன மேலே ஏறின. உணவுப் பொட்டலங்களோ பிரதான சாலையில் வண்டி வண்டியாக வந்து, உண்ண ஆளின்றிப் புளித்துக்கொண்டிருந்தன.

ஈகை அதிகாரத்தில், தன்னிடம் இல்லை என்னும் துன்பச் சொல்லை ஒருவன் சொல்லுமுன்பே ஈவது நற்குடிப் பிறந்தோர் இயல்பு எனப் பொருள் கொள்ளத்தக்க குறள் ஒன்று உண்டு. கேட்காமல் எப்படி அறிவது, கேட்டால் அச்சொல்லைச் சொல்ல வைத்ததாகாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அந்த மாணவியின் மூன்று கேள்விகளில் இதற்கு விடை இருப்பதாக எங்களுக்குப் படுகிறது. தேவையைக் கேட்டால் மனிதர் இரவலராகிறார்; அவருடைய நாள் எப்படிக் கழிந்தது என்று கேட்டால் அண்டை வீட்டாராகவே இருக்கிறார். ஈகைக்கு முந்தைய அதிகாரத்துக்கு ஒப்புரவறிதல் என்று பெயர் வைத்திருப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். அறிதல் அதில் முன்னதாகவே இருக்கிறது.

அறிய வேண்டியவற்றுள் கடினமானது, கண்ணுக்கு அகப்படாதவர் யார் என்பது. எங்கள் தாள்களில் 'பூட்டிய வீடு' என்ற குறிப்பு அடிக்கடி வந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் மறுபடி சென்றபோது அவ்வீடுகள் திறந்திருந்தன. அங்குள்ள பெண்கள் பகலெல்லாம் முகப்பேர் கிழக்கிலும் மேற்கிலும் தாங்கள் வேலை பார்க்கும் வீடுகளில் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். தம் வீட்டுச் சேற்றை இரவில் வாரினார்கள். பகலில் வரும் எந்தக் கணக்கெடுப்பிலும் அவர்கள் இல்லை. கட்டி முடியாத அடுக்ககங்களில் காவலிருந்த பீகார், ஒடிசாக் குடும்பங்களுக்கு ரேஷன் அட்டை இல்லை. ஆகவே அவர்களும் இல்லை. குடிசை இழந்தோருக்கு 10,000 ரூபாய், வெள்ளம் புகுந்த மற்ற வீடுகளுக்கு 5,000 ரூபாய், 10 கிலோ அரிசி, வேட்டி சேலை என்று அன்று அரசு அறிவித்தது. தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்படும் என்றது. சிறிய உதவியன்று. ஆனால் வீட்டில் ஆள், கையில் அட்டை, வங்கியில் கணக்கு என்னும் மூன்று வாயில்களையும் கடந்தவர்க்கே அது எட்டும். குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் பட்டியலை வாங்கிப் பார்த்து, "இவங்கல்லாம் நம்ம ஏரியாவே இல்லை சார்" என்றார். அவர் தீயவர் அல்லர். தம் மாடியில் நால்வருக்கு இடம் கொடுத்திருந்தார். அவர் எண்ணத்தில் இருந்த வரைபடம் அவ்வளவுதான்.

தமிழில் வேண்டுவோர் என்றால் தேவையுடையோர்; வேண்டியவர் என்றால் நெருக்கமானவர். ஒரே வேரிலிருந்து பிறந்த இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பதுதான் தேவை மதிப்பீட்டின் முழு வேலையும் என்று சொல்லலாம். மதிப்பிடாமல் விட்டால் உதவி இயல்பாகவே வேண்டியவரிடம் போய்ச் சேரும். முதன்மைச் சாலையில் இருப்பவர், நமக்குத் தெரிந்தவர், உரக்கக் கேட்கத் தெரிந்தவர் ஆகியோரிடமே அது தங்கிவிடும்.

தேவை ஒருநாள் கணக்கும் அன்று. முதல் நாள் உலர்ந்த இடம். பத்தாம் நாள் ஆவணங்கள் (அவ்வாண்டு டிசம்பர் நடுவில் அரசே இதற்கெனச் சிறப்பு முகாம்கள் நடத்தியது பாராட்டத்தக்கது). அடுத்த மாதம் வாடகையும் கூலியும். அதன்பின் வந்த ஆண்டுகளில் கூவக் கரையோரக் குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கம் முதலிய மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு மாற்றப்பட்டன. வெள்ளம் அணுகாத வீடு வேண்டும் என்பது சரியான மதிப்பீடே. ஆனால் வீடு அங்கே போக, வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. விடியுமுன் பேருந்து ஏறி முகப்பேருக்கு வந்து பாத்திரம் துலக்கிவிட்டு இருட்டியபின் திரும்பும் பெண்களை நாங்கள் அறிவோம். கோமா மக்கள் குழம்பு ஆறுமுன் திரும்பி நடந்தது ஏன் என்பதை அவர்களிடம் கேட்டால் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நிவாரணத் தொகையான 6,000 ரூபாய் நியாயவிலைக் கடை வழியே ரொக்கமாகத் தரப்பட்டது. அட்டை இல்லாதோரும் விண்ணப்பிக்க வழி வைத்திருந்தார்கள். ஒரு வாயில் திறந்தது என்றே கொள்கிறோம். அடுத்த வெள்ளம் எந்த ஆண்டு வரும் என்பதை மழையே அறியும். அன்று உதவிக்குப் புறப்படும் நண்பர்களிடம் எங்களுக்கு இரு வேண்டுகோள்கள் உண்டு. கடைக்குப் போய்ப் பொருள் வாங்குமுன், ஒரு குடும்பத்தாரிடமாவது நேற்றிரவு எங்கே படுத்தீர்கள் என்று கேளுங்கள். பகலில் பூட்டியிருந்த வீட்டுக்கு இரவு ஏழு மணிக்கு மேல் இன்னொரு முறை செல்லுங்கள்.